விடுமுறை கூடினால் நாடு நஷ்டப்படுமா?

கேள்வி: அட்டைப்பெட்டி செய்யும் சிறிய ஆலை ஒன்றை நடத்துகிறேன். வேலை செய்பவர்களில் பாதிப் பேர் மாதச் சம்பளக்காரர்கள். மீதிப் பேர் பீஸ் ரேட்டில், அதாவது செய்யும் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், வேலை செய்கிறார்கள். அரசு இன்னொரு பொது விடுமுறையை அறிவிக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. ஒரு நாள் விடுமுறையால் நாட்டுக்குப் பல்லாயிரம் கோடி நஷ்டம் என்று தொலைக்காட்சியில் கணக்குச் சொல்கிறார்கள். என் மகளோ, விடுமுறையில் மக்கள் செலவு செய்வார்கள், அதனால் பொருளாதாரம் வளரத்தான் செய்யும் என்கிறாள். பொது விடுமுறைகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி எங்கள் தொழில் சங்கம் அரசுக்கு மனு கொடுக்கிறது. என்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? விடுமுறை அதிகமானால் நாட்டுக்கு நல்லதா, கெட்டதா?

பதில் அளிப்பவர்: தொழிலாளர் பொருளாதார ஆலோசகர்

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

இப்போதிருக்கும் வாசகத்தோடு அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து, மனுவை மாற்றி எழுதச் சொல்லுங்கள். விடுமுறையால் இழப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இழப்பு உண்டு. ஆனால் தொலைக்காட்சியில் சொல்லும் தொகையில் அது ஒரு சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கும் எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. உங்கள் ஆலையில் மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை என்பது சம்பளத்தோடு ஓய்வு. பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அது ஒரு நாள் கூலி போன நாள். நாள்களின் எண்ணிக்கையைப் பற்றி நாடு முழுவதும் வாதம் நடக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு இதுதான் ஆற்றாமை.

முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியை, அதாவது ஜிடிபியை, எடுத்துக்கொள்கிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று வைத்தால், விடுமுறைகள் போக ஆண்டுக்குச் சுமார் 250 வேலைநாட்கள் வரும். வகுத்தால் ஒரு நாளின் பங்கு 0.4 சதவீதம். பெரிய நாட்டின் ஜிடிபியில் 0.4 சதவீதம் என்றால் மலைக்கவைக்கும் தொகைதான். அதை அப்படியே ‘நஷ்டம்’ என்று திரையில் ஓடவிடுகிறார்கள்.

வகுத்ததில் பிழை இல்லை. அன்றைக்கு நாட்டில் எதுவுமே நடக்காது என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை. விடுமுறை நாளிலும் மின்நிலையம் ஓடுகிறது. மருத்துவமனை, ரயில், தொலைபேசி, தங்கும் விடுதி எல்லாம் இயங்குகின்றன. கண்ணாடி உருக்கும் உலையையும் இரும்பு உருக்கும் ஊதுலையையும் ஒரு நாளுக்காக அணைக்கவே முடியாது. வயலில் பயிர் வளர்வது நிற்பதில்லை. வீட்டு வாடகையும் ஜிடிபியில் ஒரு கணிசமான பகுதி. சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வாடகை மதிப்பைக் கற்பித்துக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது விடுமுறையைப் பார்த்து நிற்பதில்லை.

சரி, நின்றுபோகும் வேலையாவது முழுக்க இழப்புதானா என்றால், அதுவும் இல்லை. உங்கள் ஆலையையே பாருங்கள். ஒரு சோப்பு கம்பெனி இந்த மாதத்துக்குப் பத்தாயிரம் பெட்டி கேட்டிருக்கிறது. புதன்கிழமை விடுமுறை என்பதற்காக அவர்களுக்குத் தேவை ஒன்பதாயிரமாகக் குறைந்துவிடாது. செவ்வாய் இரவு கூடுதலாக ஒரு ஷிப்ட் ஓட்டுவீர்கள். இல்லையென்றால் வியாழன், வெள்ளியில் ஈடுகட்டுவீர்கள். லோடு ஒரு நாள் முன்னே பின்னே போகும், அவ்வளவுதான். தையற்காரர், மெக்கானிக், கணக்கர், வழக்கறிஞர் என்று பலரின் வேலையும் இப்படித் தள்ளிப்போகிறதே தவிர, மறைந்துபோவதில்லை. திரும்ப வராத வியாபாரமும் இருக்கிறது. அலுவலகம் போகிறவர்களை நம்பி ஓடும் பஸ்ஸில் அன்று காலியாகப் போன இருக்கை போனதுதான். அலுவலகப் பகுதி உணவகத்தின் அன்றைய மதிய வியாபாரமும் அப்படியே. மாதம் முழுவதும் முழுத் திறனில் ஓடி, ஓவர்டைமுக்கும் இடமில்லாத ஆலைக்கும் அந்த நாள் திரும்பக் கிடைக்காது. எந்தத் தொழிலில் வேலை தள்ளிப்போகிறது, எதில் தொலைந்துபோகிறது என்று பிரித்துப் பார்க்காமல் போடும் எந்தக் கணக்கையும் நம்பாதீர்கள்.

மாதவாரியாக ஜிடிபியை வெளியிடும் நாடு பிரிட்டன். இரண்டாம் எலிசபெத் அரசி 2022 செப்டம்பர் 8 அன்று மறைந்தார். இறுதிச் சடங்கு நடந்த 19ஆம் தேதி பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. யாரும் எதிர்பார்த்துத் திட்டமிட்டிருக்க முடியாத விடுமுறை. அந்த மாதம் உற்பத்தி 0.6 சதவீதம் சரிந்ததாகப் புள்ளிவிவரத் துறையின் முதல் கணிப்பு சொன்னது. அடுத்த மாதமே 0.5 சதவீதம் ஏறியதாக அறிவித்தது. அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் ஒரே விடுமுறையின் வேலை அல்ல. ஆனாலும் சரிந்ததில் பெரும்பகுதி உடனே திரும்பி வந்ததைக் கவனியுங்கள். இதே அரசியின் வைரவிழாவுக்காக 2012இல் கூடுதல் விடுமுறை விட்டபோது அரசே முன்கூட்டி ஒரு மதிப்பீடு போட்டது. நடுமட்டக் கணிப்பு 120 கோடி பவுண்டு இழப்பு. ஆனால் அதே மதிப்பீட்டின் ஒரு முனை 360 கோடி பவுண்டு இழப்பு. மறுமுனை 110 கோடி பவுண்டு லாபம்! அரசு அதிகாரிகள் தரவுகளைக் கையில் வைத்துக்கொண்டு போட்ட கணக்கிலேயே லாபமா நஷ்டமா என்பது உறுதியாகத் தெரியவில்லை என்றால், திரையில் ஓடும் ஒற்றை எண்ணுக்கு என்ன மதிப்பு?

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களே இதில் தடுமாறுகிறார்கள். ஒரு விடுமுறையை நிரந்தரமாகச் சேர்த்தால் உற்பத்தியின் அளவு ஒரே ஒரு முறை சிறிது இறங்கும். அடுத்த ஆண்டு வளர்ச்சி அந்த இறங்கிய மட்டத்திலிருந்து வழக்கம்போலத் தொடரும். ஆண்டுதோறும் வளர்ச்சி வீதத்தைத் தின்றுகொண்டே இருக்காது. நாள்காட்டி செய்யும் வேலையை ஜெர்மனியின் புள்ளிவிவரத்தில் நேராகவே பார்க்கலாம். விடுமுறைகள் சில ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமையில் விழும், சில ஆண்டுகளில் வேலைநாளில் விழும். 2023இல் ஜெர்மனியின் ஜிடிபி 0.3 சதவீதம் சுருங்கியதாக முதல் கணிப்பு வந்தது. வேலைநாள் வித்தியாசத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் சுருக்கம் 0.1 சதவீதம்தான். கணிசமான வித்தியாசம், ஆனால் பேரழிவு அல்ல. தொழிற்சாலைகள் நிறைந்த நாட்டிலேயே நிலைமை இதுதான்.

இனி உங்கள் மகள் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. விடுமுறை நாளில் சுற்றுலாத் தலங்களிலும் கடைகளிலும் கூட்டம் அள்ளுவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலான குடும்பங்களுக்கு மாத வருமானம் ஒன்றுதான். அன்று கூடுதலாகச் செலவு செய்தால் வேறொரு நாளில் குறைத்துக்கொள்வார்கள். சேமிப்பை எடுத்துச் செலவழிக்கக்கூடியவர்கள் உள்நாட்டிலேயே செலவழித்தால்தான் மொத்தத் தேவை உண்மையில் கூடும். விமானம் ஏறி வெளிநாடு போய்விட்டால் அதுவும் இல்லை. ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு, மக்களைச் செலவு செய்யவைப்பதற்காகவே 1999இல் சீனா ஏழு நாள் தொடர் விடுமுறைகளை உருவாக்கியது. பயணத் துறை கொழித்தது. ரயில்களும் சுற்றுலாத் தலங்களும் திணறின. 2008இல் மே மாத நீண்ட விடுமுறையைச் சுருக்கி, அந்த நாள்களைப் பாரம்பரியப் பண்டிகைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எல்லோரையும் ஒரே வாரத்தில் செலவழிக்கச் சொன்னால் நெரிசல்தான் மிஞ்சும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

விடுமுறையைக் குறைத்த நாடுகளின் கதைதான் உங்கள் சங்கத்துக்கு மிகவும் பயன்படும். போர்ச்சுகல் 2012இல் கடன் நெருக்கடியின் நடுவே நான்கு பொது விடுமுறைகளை ரத்து செய்ய முடிவெடுத்தது. இரண்டு மதம் சார்ந்தவை. மற்ற இரண்டு, குடியரசு நாளும் சுதந்திர மீட்பு நாளும். 2013இல் அது நடைமுறைக்கு வந்தபோது அந்த நாட்டில் வேலையில்லாதோர் விகிதம் 16 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வேலை தேடி லட்சக்கணக்கானோர் நிற்கும்போது, வேலையில் இருப்பவரை இன்னும் நான்கு நாள் கூடுதலாக உழைக்கச் சொல்வதால் என்ன கிடைக்கும்? உங்களிடம் ஆர்டரே இல்லாத மாதத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஆலையைத் திறந்துவைத்தால் என்ன கிடைக்குமோ, அதுதான். 2016இல் புதிய அரசு நான்கு நாள்களையும் திரும்பக் கொடுத்துவிட்டது.

டென்மார்க்கின் நிலைமை வேறு. அங்கே ஆள் பற்றாக்குறை. 1686ஆம் ஆண்டிலிருந்து வழக்கத்தில் இருந்த ஒரு பிரார்த்தனை நாளை 2024 முதல் வேலைநாளாக மாற்றினார்கள். பாதுகாப்புச் செலவுக்குப் பணம் வேண்டும் என்றார்கள். கூடுதல் உழைப்பால் வரும் வரி ஆண்டுக்குச் சுமார் 300 கோடி குரோனர் என்று அரசு கணக்குச் சொன்னது. சுமார் 60 லட்சம் பேர் வாழும் நாட்டில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். இருந்தும் சட்டம் நிறைவேறியது. ஆனால் நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று: மாதச் சம்பளக்காரர்கள் ஒரு நாள் கூடுதலாக உழைப்பதற்கு ஈடாக, ஆண்டுச் சம்பளத்தில் 0.45 சதவீதத்தைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. ஒரு நாளுக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை ஒருவர் கொடுத்தாக வேண்டும் என்பதை அங்கே ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்தார்கள்.

பிரான்சில் 2003 கோடையின் வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். முதியோர் பராமரிப்புக்கு நிதி திரட்ட, 2004இல் ஒரு விடுமுறையை ஊதியமில்லா வேலைநாளாக மாற்றினார்கள். முதலாளிகள் மொத்த ஊதியத்தில் 0.3 சதவீதத்தை அந்த நிதிக்குக் கட்ட வேண்டும். நடைமுறையில் எத்தனையோ நிறுவனங்கள் அன்று மூடியே இருக்கின்றன. ஆனால் கட்டணத்தை மட்டும் கட்டிவிடுகின்றன. அதாவது ‘கூடுதல் உழைப்பு’ என்ற பெயரில் பிறந்தது, கடைசியில் ஒரு வரியாக நின்றுவிட்டது. ஜெர்மனியும் 1995இல் பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டத்துக்காக ஒரு விடுமுறையை விட்டுக்கொடுத்தது. சாக்சனி மாநிலம் மட்டும் அந்த நாளை விடவில்லை. அதற்கு ஈடாக இன்றுவரை அங்குள்ள தொழிலாளிகள் காப்பீட்டில் மற்ற மாநிலத்தவரைவிடக் கூடுதல் பங்கைத் தம் சம்பளத்திலிருந்து கட்டுகிறார்கள். 2025 ஜூலையில் பிரெஞ்சுப் பிரதமர் பெய்ரூ மேலும் இரண்டு விடுமுறைகளை ரத்து செய்து 420 கோடி யூரோ திரட்டலாம் என்றார். செப்டம்பரில் அவருடைய ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்தவர் அந்த யோசனையைக் கைவிட்டார். இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். விடுமுறையைக் குறைக்கும் அரசுகளில் பலவற்றின் கண் உற்பத்தியைவிடக் கஜானாவில்தான் இருக்கிறது.

நாட்டுக்கு நாடு எண்ணிக்கையை ஒப்பிடும் வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஜப்பானில் 16 தேசிய விடுமுறைகள், இங்கிலாந்தில் 8. ஜெர்மனிக்குள்ளேயே, அதிக விடுமுறை உள்ள பவேரியா, குறைந்த விடுமுறை உள்ள பெர்லினைவிடத் தலைக்கு அதிகமாக உற்பத்தி செய்கிறது. விடுமுறையால் பவேரியா பணக்காரப் பிரதேசம் ஆகவில்லை. அதனால் ஏழையும் ஆகவில்லை.

உழைக்கும் நேரத்துக்கும் விளையும் உற்பத்திக்கும் உள்ள உறவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் இரவு பகலாக வேலை நடந்தது; குண்டுகள் போதவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் வேலை. தொழிலாளர்களின் உடல்நிலையை ஆராய அரசு 1915இல் ஒரு குழு அமைத்தது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எத்தனை உருப்படி செய்தார்கள் என்று அந்தக் குழு குறித்துவைத்த எண்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் பென்காவெல் 2014இல் மறுபடி எடுத்து ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறக்குறைய 49 மணி நேரம் வரை, நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே அளவில் கூடியது. அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரமும் முந்தையதைவிடக் குறைவாகவே தந்தது. 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தி, 56 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தியைவிடக் குறிப்பிடும்படி அதிகமில்லை. வாரத்துக்கு 14 மணி நேர உழைப்பு ஏறக்குறைய வீண்! ஞாயிறு ஓய்வு இல்லாமல் போனது அடுத்த வார உற்பத்தியையும் கெடுத்தது. அவர்களும் பீஸ் ரேட் தொழிலாளிகள்தான், பெரும்பாலோர் பெண்கள். சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த ஆய்வை எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது. வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்பவருக்கு இன்னொரு விடுமுறை கொடுத்தால் அவருடைய உற்பத்தித் திறன் பொங்கிவிடும் என்பதற்கு இதில் சான்று இல்லை. வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு இது முழுக்கப் பொருந்தும். உங்கள் பெட்டி ஒட்டும் பிரிவில் வாரத்தின் கடைசி நாளில் கழிவாகும் அட்டையின் எடையையும் முதல் நாள் கழிவின் எடையையும் தனித்தனியே குறித்துப் பாருங்கள். களைப்பு இருந்தால் அங்கே தெரியும்.

ஓய்வு வேண்டுமென்றால் ஆளாளுக்குத் தனித்தனியாக லீவு கொடுத்துவிட்டுப் போகலாமே, நாடே ஏன் ஒரே நாளில் மூட வேண்டும் என்று உங்கள் சங்கத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சோவியத் யூனியன் அதைச் செய்து பார்த்தது. 1929இல் பொது ஞாயிறை ஒழித்து, தொழிலாளிகளை ஐந்து பிரிவாக்கி, நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு என்று சுழற்சியில் விட்டார்கள். எந்த நாளிலும் ஐந்தில் நான்கு பேர் வேலையில் இருப்பார்கள். இயந்திரம் ஒரு நாளும் நிற்காது. காகிதத்தில் மிக அழகான திட்டம். கணவனுக்கு ஒரு நாள் ஓய்வு, மனைவிக்கு வேறு நாள், பிள்ளைகளுக்கு இன்னொரு நாள். ஆலையிலோ, எந்த இயந்திரத்துக்கு யார் பொறுப்பு என்றே தெரியாமல் போய், அவை பராமரிப்பின்றிப் பழுதாயின. 1931இல் பொது ஓய்வுநாளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சேர்ந்து ஓய்வெடுப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. யோவாகிம் மெர்ஸ், லார்ஸ் ஆஸ்பெர்க் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் மக்கள் நேரம் செலவிடும் விதத்தை ஆராய்ந்து, பொது விடுமுறைகள் உறவுகளையும் நட்புகளையும் பேணுவதை எளிதாக்குகின்றன என்று 2006இல் எழுதினார்கள். அந்தப் பயன் விடுமுறை நாளோடு முடிவதில்லை. இது எதுவும் ஜிடிபியில் ஏறாது; ஏறாததால் இல்லாமல் போய்விடாது.

தனி லீவுக்கு இன்னொரு குறையும் உண்டு. கேட்டு வாங்கும் தைரியம் உள்ளவருக்குத்தான் அது கிடைக்கிறது. ஜப்பானில் சட்டப்படி ஊதியத்தோடு ஆண்டு லீவு உண்டு. சக ஊழியர்களுக்குச் சுமையாகிவிடுமே என்று பலர் எடுப்பதில்லை. அங்கே பொது விடுமுறைகள் இவ்வளவு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாடே மூடியிருக்கும்போது யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இழப்பு என்று நான் ஒப்புக்கொண்டேனே, அது எங்கே உண்மையாக நடக்கிறது? என் அனுபவத்தில், விடுமுறை வாரத்தில் எந்த நாளில் வருகிறது, எவ்வளவு முன்னதாகத் தெரிகிறது என்ற இரண்டில்தான் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தாளை நெளிக்கும் இயந்திரத்தின் உருளைகள் சூடேறினால்தான் வேலை தொடங்கும். புதன்கிழமை விடுமுறை என்றால் செவ்வாய் இரவே இயந்திரத்தை நிறுத்தி, ஸ்டார்ச் பசைத் தொட்டியைக் கழுவி, மீதிப் பசையைக் கொட்டிவிட வேண்டும், வைத்திருந்தால் கெட்டுவிடும். வியாழன் காலை மறுபடி சூடேற்ற வேண்டும், புதுப் பசை காய்ச்ச வேண்டும், முதலில் வரும் சில தாள்கள் சரியாக ஒட்டாமல் கழிவுக்குப் போகும். அதே விடுமுறை திங்கட்கிழமை வந்தால்? சனி இரவு எப்படியும் நிறுத்தத்தான் போகிறீர்கள், செவ்வாய் காலை எப்படியும் சூடேற்றத்தான் போகிறீர்கள். கூடுதல் நிறுத்தமே இல்லை. ஒரே ஒரு நாள்தான் இரண்டிலும். செலவோ வேறு வேறு. ஜப்பான் 2000ஆம் ஆண்டு முதல் சில விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கு நகர்த்தியது மக்களுக்குத் தொடர் ஓய்வு கிடைக்கட்டும் என்பதற்காக; ஆலைகளுக்கும் அது உதவுகிறது. மத விழாக்களை இப்படி நகர்த்த முடியாது, நகர்த்தவும் கூடாது. நினைவு நாள்களையும் தலைவர்களின் பிறந்த நாள்களையும் நகர்த்தலாம்.

முந்தின நாள் மாலையில் அறிவிக்கும் திடீர் விடுமுறையால் ஏற்படும் சேதம் தனி வகை. லாரி பாதி வழியில் நிற்கும். துறைமுகத்தில் கன்டெய்னர் கப்பலைத் தவறவிடும். பள்ளி மூடியதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், மருத்துவமனை ஊழியர் ஒருவர் வேலைக்கு வர முடியாமல் போவார். ஆறு மாதம் முன்பே தெரிந்திருந்தால் இந்தச் செலவுகளில் பெரும்பாலானவை இருக்காது.

வெளியுலகோடு ஒத்துப்போவதும் முக்கியம். இலங்கை 1966இல் ஞாயிறு விடுமுறையை நீக்கிவிட்டு, சந்திரனின் பிறைகளைப் பின்பற்றும் போயா நாள்களை வார ஓய்வாக வைத்தது. ஓய்வு நாள் வாரத்தில் எந்தக் கிழமையிலும் வரலாம் என்றானதால் பிற நாடுகளோடு வணிகமும் வங்கித் தொடர்பும் முரண்பட்டன. 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. முழுநிலாப் போயா மட்டும் பொது விடுமுறையாக இன்றும் தொடர்கிறது. யூரோ நாடுகளின் வங்கிகளுக்கிடையே பெருந்தொகைகளைத் தீர்க்கும் அமைப்பு, வார இறுதிகள் போக, ஆண்டுக்கு ஆறு நாள் மட்டுமே மூடுகிறது. ஒவ்வொரு நாடும் தன் விடுமுறைகளைக் கொண்டாடிக்கொள்கிறது. பணப் பரிமாற்றம் மட்டும் நிற்பதில்லை. உங்கள் சங்கம் கேட்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று: நாங்கள் மூடும் நாளில் சுங்கமும் பணப் பரிமாற்றமும் நிற்க வேண்டாம், அங்கே பணியில் இருப்பவர்களுக்கு மாற்று விடுப்பும் கூடுதல் ஊதியமும் கொடுங்கள்.

இனி, முதலில் தொட்ட விஷயம். உலகில் வேலை செய்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானோர், சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலைகளில் இருப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோருக்கு ‘ஊதியத்தோடு கூடிய விடுமுறை’ என்ற ஒன்றே கிடையாது. புதிய விடுமுறை ஒன்றை அரசு அறிவிக்கும்போது அரசு ஊழியருக்கும் பெரிய நிறுவன ஊழியருக்கும் அது பரிசு. நாள்கூலிக்காரருக்கு அது வருமான வெட்டு. ஒரே அறிவிப்புதான், ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவரிடம் பிடுங்குகிறது. இதைப் பார்க்காமல் ‘விடுமுறை நாட்டுக்கு நல்லதா’ என்று கேட்டால், நாடு என்பதில் யாரைச் சேர்த்திருக்கிறோம் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எனவே மனுவை இப்படி மாற்றச் சொல்லுங்கள். ஆண்டின் முழு விடுமுறைப் பட்டியலை ஆறு மாதம் முன்னதாக வெளியிட்டு, பேரிடர் தவிர வேறெதற்கும் அதில் கைவைக்கக் கூடாது. நகர்த்தக்கூடிய நாள்களை வாரத் தொடக்கத்துக்கோ இறுதிக்கோ நகர்த்த வேண்டும். பீஸ் ரேட்டுக்கும் நாள்கூலிக்கும் வேலை செய்பவர்களுக்கு, முந்தைய மூன்று மாதச் சராசரியை வைத்து விடுமுறைக் கூலி சட்டப்படி கிடைக்க வேண்டும். அந்தச் சுமை முழுவதும் சிறு ஆலைகள் மீதே விழாமலிருக்க, முதலாளிகளும் அரசும் சேர்ந்து கட்டும் பொது நிதி ஒன்றிலிருந்து ஒரு பகுதி வர வேண்டும். இந்த நான்கும் நடந்துவிட்டால், விடுமுறை ஒன்று கூடுவதும் குறைவதும் உங்கள் தொழிலுக்கும் நாட்டுக்கும் பெரிய விஷயமாக இருக்காது.

சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் ஆலை ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விடுமுறைக்குக் கூலி கொடுத்தால், அந்தப் பாதிப் பேரின் ஆண்டுக் கூலியில் முந்நூறில் ஒரு பங்கு கூடும். அட்டைப்பெட்டித் தொழிலில் செலவின் பெரும்பகுதி தாளுக்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். தாள் விலை ஒரு சிறு அசைவு அசைந்தாலே இதைவிடப் பல மடங்கு உங்கள் கையைக் கடிக்கும். இந்த ஆண்டு இரண்டு விடுமுறைகளுக்காவது கொடுத்துத் தொடங்குங்கள். எந்த இரண்டு என்பதை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்குப் போவதற்கு முன் அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: சென்ற விடுமுறை நாளில் என்ன செய்தார்கள்? கட்டட வேலைக்கோ மூட்டை தூக்கவோ போனதாகப் பலரும் சொன்னால், அதை மனுவின் முதல் பத்தியில் எழுதிவிட்டு உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.